எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி போதுமா? தடய அறிவியல் ஆய்வகம் போக நினைக்கும் வாசகிக்கு

கேள்வி: நான் நெல்லிக்குப்பம். சிதம்பரத்தில் எம்.எஸ்சி. வேதியியல் இந்த ஆண்டு முடித்தேன். மரக்காணம், கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளின்போது ‘மாதிரிகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன’ என்று செய்தியில் வந்தது. அங்கே என்ன செய்வார்கள், நாம் போக முடியுமா என்று அப்போதிலிருந்தே யோசனை. மறுபடி இரண்டு வருடம் எம்.எஸ்சி. தடய அறிவியல் படிக்க வேண்டுமா? ஆன்லைனில் ஒரு வருட டிப்ளமோவுக்கு 80,000 ரூபாய் கேட்கிறார்கள், சேரலாமா? அரசு வேலை வரும்வரை சிப்காட்டில் வேலைக்குப் போனால் காலம் வீணாகுமா? அம்மாவோ, “போலீஸு, கோர்ட்டுனு அலையற வேல நமக்கு வேணாம்” என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பணத்திலிருந்தே தொடங்குகிறேன், அதற்குத்தான் கடைசித் தேதி சொல்லி அவசரப்படுத்துவார்கள். அந்த 80,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். தடய அறிவியல் துறையின் வேதியியல் பிரிவுக்குப் பார்க்கப்படுவது உங்கள் முதுகலைப் பட்டம். அது கையில் இருக்கிறது. டிப்ளமோ அதோடு பெரிதாக எதையும் சேர்க்காது. கைரேகை, கையெழுத்து, ரத்தத் துளி, சைபர் என்று ஒவ்வொன்றையும் ஒரு வாரம் தொட்டுக் காட்டுவார்கள். கலவையை ஆவியாக்கிப் பிரித்துக் காட்டும் ஜி.சி. கருவியின் செப்டத்தை (ஊசி நுழையும் ரப்பர் அடைப்பை) எப்போது மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் வரைபடத்தில் எழும் பீக் எப்படிக் கெடும் என்பது திரையைப் பார்த்து வருகிற பாடம் இல்லை. இந்த வேலைக்கு வேண்டியது அதுதான்.

முழுநேர எம்.எஸ்சி. தடய அறிவியல் வேறு விஷயம். காந்திநகரில் இருக்கும் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில், கருவிகளோடும் வழக்குப் பொருட்களோடும் பழகிப் படித்தால் பலன் உண்டு. ஆனால் வேதியியலில் முதுகலை முடித்த ஒருவர் இன்னும் இரண்டு வருடமும் விடுதிச் செலவும் போட்டு அதைப் படித்தே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வருடத்தைக் கருவிக்கு முன்னால் சம்பளத்தோடு கழிக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், அந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டீர்களே, அது.

உங்கள் பக்கத்து ஊர்ச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரம். இரண்டிலும் குற்றவாளி மெத்தனால். சாராயத்தில் இருக்க வேண்டிய எத்தனாலுக்கும் இதற்கும் ஒரே ஒரு கார்பன்தான் வித்தியாசம். நிறமும் வாசனையும் குடிப்பவருக்குக் காட்டிக் கொடுக்காது. உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைப் பிடிக்கிறது, ரத்தத்தை அமிலமாக்குகிறது.

மாதிரி இரண்டு வகையில் வரும். ஒன்று, பறிமுதல் செய்த சாராயம். இதற்கு முதலில் ஒரு நிறச் சோதனை: பெர்மாங்கனேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்து, மிச்சப் பெர்மாங்கனேட்டின் நிறத்தைப் போக்கிவிட்டு, குரோமோட்ரோபிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்த்தால், மெத்தனால் இருந்தால் ஊதா. இது சந்தேகத்தைத்தான் சொல்லும். முடிவு சொல்வது ஜி.சி.

இரண்டாவது, ரத்தம். இங்கேதான் வேலை நுணுக்கமாகிறது. 20 மி.லி. கண்ணாடிக் குப்பியில் 0.5 மி.லி. ரத்தம், அளந்த இன்டர்னல் ஸ்டாண்டர்டு (ஒப்பிட்டுக் கணக்கிட நாமே சேர்க்கும் பொருள்), கொஞ்சம் சோடியம் குளோரைடு. உப்பு எதற்கு என்றால், ஆல்கஹாலைக் கரைசலிலிருந்து மேலே காற்றுக்குத் தள்ள. அலுமினிய மூடியை கிரிம்பரால் அழுத்தி மூட வேண்டும். மூடியபின் விரலால் திருகிப் பாருங்கள்: மூடி சுற்றினால் அந்தக் குப்பி தோற்றுவிட்டது. 60–70 டிகிரியில் 15 நிமிடம் சூடாகும்போது அந்த இடுக்கு வழியே ஆவி போய்விடும், அளவு குறைவாக வரும். மிகவும் இறுக்கி அழுத்தினாலும் செப்டம் குழிந்து ஊசி நுழையும் இடத்தில் கசியும். சூடான குப்பியின் மேல்வெளிக் காற்றை மட்டும் எடுத்து ஜி.சி.க்குள் செலுத்துவதால்தான் இதற்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். ரத்தம் கருவிக்குள் போவதே இல்லை.

இன்டர்னல் ஸ்டாண்டர்டாக 1-புரப்பனால் போடுவது வழக்கம். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அழுகத் தொடங்கிய உடலின் ரத்தத்தில் கிருமிகளே 1-புரப்பனாலை உண்டாக்கும். அப்போது இன்டர்னல் ஸ்டாண்டர்டு பீக் பெரிதாகும், அதோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் எத்தனாலும் மெத்தனாலும் குறைந்து காட்டும். பிரேதப் பரிசோதனை மாதிரிகளுக்கு டெர்ஷியரி பியூட்டனால் பாதுகாப்பு. இதே கிருமிகள் எத்தனாலையும் உண்டாக்கும் என்பதால்தான் ரத்தம் பிடித்து அனுப்பும் சோதனைக் குழாயில் ஒரு மி.லி.க்குச் சுமார் 10 மி.கி. சோடியம் புளோரைடு போடச் சொல்கிறார்கள். புளோரைடு போடாமல் வெயிலில் காய்ந்து வந்த ரத்தத்தில் 100 மி.லி.க்கு 40 மி.கி. எத்தனால் வந்தால், குடித்ததா, குழாய்க்குள் ஊறியதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவில் வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி. ஒருவருடைய வழக்கு அந்தப் புளோரைடு சிட்டிகையில் தொங்குகிறது என்பது உங்களுக்குப் புரியும்.

இன்னொன்று, பலர் தடுமாறும் இடம். விஷச்சாராய நோயாளிக்கு மருத்துவமனையில் எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதுண்டு, மெத்தனால் அமிலமாக மாறுவதை மெதுவாக்க. ரத்தச் சுத்திகரிப்பும் செய்வார்கள். மூன்று நாள் சிகிச்சைக்குப் பின் இறந்தவரின் ரத்தத்தில் எத்தனால் தெரியலாம், மெத்தனால் தெரியாமலே போகலாம். அறிக்கையில் ‘மெத்தனால் கண்டறியப்படவில்லை’ என்று எழுதுவது அப்போதும் உண்மைதான். ஆனால் பார்மேட் (ரத்தத்தில் பார்மிக் அமிலம் இருக்கும் வடிவம்) பார்க்கப்பட்டதா, அனுமதித்த நேரத்தில் எடுத்த முதல் ரத்தம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கத் தெரிந்தவரே நல்ல வேதியியலாளர். இந்தக் கேள்வியைக் கேட்கக் கருவி சொல்லித்தராது.

ஒரு தொகுதி ஓட்டினால், முதலில் ஒன்றும் சேர்க்காத பிளாங்க், பிறகு ஐந்தாறு அளவுகளில் ஸ்டாண்டர்டு (ஒப்பிடுவதற்கான சுத்தமான பொருள்), தெரிந்த அளவு கொண்ட கட்டுப்பாட்டு மாதிரி, பிறகே வழக்கு மாதிரி, அதுவும் இரட்டையாக. இரண்டும் ஏறத்தாழ 5 சதவீதத்துக்குள் ஒத்துவராவிட்டால் மறுபடி. அதிக அளவு வந்த மாதிரிக்குப் பின்னால் இன்னொரு பிளாங்க், முந்தையதின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று காட்ட. ஒரே காலத்தில் வரும் இரண்டு பொருட்கள் வேறொரு காலத்தில் பிரிந்துவிடும் என்பதால், தன்மை வேறான இரண்டு காலங்களில் பார்ப்பார்கள். (காலம் என்றது நேரம் இல்லை, பிரித்தெடுக்கும் குழாய். ஆய்வகத்தில் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், பழகிக்கொள்ளுங்கள்.)

பூச்சிமருந்து வழக்குகள் நம் பகுதியில் என்றைக்கும் உண்டு. கரும்பும் முந்திரியும் நெல்லும் விளைகிற மாவட்டம். உள்ளுறுப்புகள் பாட்டிலில் வரும்: இரைப்பையும் குடல் துண்டும் ஒன்றில், கல்லீரலும் சிறுநீரகமும் இன்னொன்றில், ரத்தம் தனியாக. பதப்படுத்தப் பயன்படுத்திய நிறைவுற்ற உப்புக் கரைசலில் கொஞ்சம் தனிப் பாட்டிலில் வர வேண்டும். அது வராவிட்டால், ‘நஞ்சு உப்பில் இருந்திருக்கலாமே’ என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. பிரித்தெடுத்த பின் முதல் அலசல் இன்றும் டி.எல்.சி.தான், மெல்லிய தகட்டில் கரைப்பானை ஏறவிட்டுப் பொருட்களைப் பிரிக்கும் முறை. கல்லூரியில் செய்த அதே சிலிக்கா ஜெல் தகடு. ஹெக்சேனும் அசிட்டோனும் 9:1, பல்லேடியம் குளோரைடு தெளித்தால் கந்தகம் கொண்ட ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் மஞ்சள் பழுப்பாகத் தெரியும். கல்லூரியில் கற்காதது என்னவென்றால், ஆர்.எஃப். மதிப்பை (கரைப்பான் ஏறிய தூரத்தில் புள்ளி ஏறிய பங்கை) புத்தகத்தோடு ஒப்பிடக் கூடாது. ஜாடிக்குள் வடிதாள் வைத்துக் கரைப்பான் ஆவியால் நிறைக்காவிட்டால் ஓரப் புள்ளிகள் ஓடும், நடுப் புள்ளிகள் தங்கும். ஆகவே அதே தகட்டில் மாதிரி, ஸ்டாண்டர்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்த கலப்புப் புள்ளி என மூன்றும் ஓட வேண்டும். கலப்புப் புள்ளி ஒன்றாகவே நின்றால்தான் அடுத்த படி.

அடுத்த படி ஜி.சி.-எம்.எஸ்., பிரித்த மூலக்கூறுகளை உடைத்துத் துண்டுகளின் எடையை நிறமாலையாகக் காட்டும் கருவி. அங்கேயும் ஒரு பாடம். எடை எண் 149இல் பெரிய பீக் வந்தால் புதிய நஞ்சைக் கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளாதீர்கள். அது பெரும்பாலும் தாலேட், பிளாஸ்டிக் கவரிலிருந்தும் கையுறையிலிருந்தும் கரைந்து வந்தது. பிளாங்க் ஓட்டியிருந்தால் அதிலும் அது இருக்கும். போதைப்பொருளில் ஆபத்து இன்னும் பெரிது. மெத்தாம்பெட்டமினுக்கும் உடல் எடை குறைக்கும் மருந்தான பென்டர்மினுக்கும் மூலக்கூறு எடை 149தான். நிறமாலையில் இரண்டுக்குமே எண் 58தான் முதல் பீக். கருவியில் சேமித்த நிறமாலைத் தொகுப்பான நூலகம் 90 சதவீதம் பொருந்துகிறது என்று ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயரை அப்படியே அறிக்கையில் எழுதுகிறவர் இந்த வேலைக்கு வேண்டாம். உண்மையான ஸ்டாண்டர்டை அதே நாளில் அதே கருவியில் ஓட்டி, வெளிவரும் நேரமும் ஒத்துவர வேண்டும். மெத்தாம்பெட்டமினுக்கு 50 கிராம் என்பது வணிக அளவு. அதைத் தாண்டினால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் குறைந்தபட்சம் பத்து ஆண்டு. ஒரு மனிதரின் பத்து ஆண்டு.

கஞ்சா மாதிரி 24 கிராம் வீதம் எடுத்து அனுப்பப்படும். ஈரத்தோடு கட்டியது ஆய்வகத்துக்கு வரும்போது காய்ந்து 21 கிராமாக நிற்கலாம். சீல் சரியாக இருக்கிறது, எடை மட்டும் குறைகிறது. என்ன செய்ய வேண்டும்? தராசின் எண், அன்றைய சரிபார்ப்பு, உறையோடு எடை, உறையில்லாமல் எடை என்று கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். 24 என்று ‘சரிசெய்து’ எழுதுவதுதான் குற்றம். 21 என்பது கேள்வி மட்டும், அதற்கு விஞ்ஞானத்தில் பதில் உண்டு.

இவ்வளவும் சொன்னது, வேலை எதில் இருக்கிறது என்று காட்டத்தான். உங்கள் பட்டம் வேதியியலைக் கொடுத்துவிட்டது. இல்லாதது, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் நிற்கும் ஒழுங்கு. அந்த ஒழுங்கைக் கற்க உங்கள் ஊருக்கு அருகிலேயே இடம் இருக்கிறது. ஆகவே சிப்காட் கேள்விக்கு என் பதில்: தாராளமாகப் போங்கள், காலம் வீணாகாது, எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்பதை மட்டும் பார்த்துப் போங்கள்.

கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரியில் சேதராப்பட்டு, திருபுவனை, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் மருந்து, ரசாயன ஆலைகள் உண்டு. அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவைக் கேளுங்கள். நேர்காணலில் தயங்காமல் கேட்க வேண்டியது: எந்தக் கருவியில் வைப்பீர்கள், எத்தனை மாதத்தில்? மூலப்பொருள் மூட்டையில் மாதிரி எடுப்பதும், நாள் முழுக்க ஈரப்பதம் டைட்ரேட் செய்வதுமே வேலை என்றால் ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருக்காதீர்கள். எச்.பி.எல்.சி.யும் (திரவத்தில் பிரித்துக் காட்டும் கருவி) ஜி.சி.யும் தொடக் கிடைத்தால், அதுவும் கரைப்பான் மிச்சத்தை ஹெட்ஸ்பேஸ் ஜி.சி.யில் பார்க்கும் பிரிவு கிடைத்தால், சம்பளம் கொஞ்சம் குறைவென்றாலும் அதையே எடுங்கள். மேலே சொன்ன ரத்தப் பரிசோதனைக்கும் அதற்கும் கருவி ஒன்றுதான், குப்பியும் ஒன்றுதான்.

அங்கே கற்க வேண்டியவை: மாதிரி ஓட்டுவதற்கு முன் கருவி தகுதியாக இருக்கிறதா என்று ஐந்தாறு முறை ஸ்டாண்டர்டு செலுத்திப் பார்ப்பது, பீக்கின் வால் இழுக்கிறதா என்று கவனிப்பது, பீக்கின் அடிக்கோட்டைக் கருவி எங்கே போட்டது, ஏன் போட்டது என்று பார்ப்பது. அடிக்கோட்டைக் கையால் இழுத்து எண்ணைச் சரிக்கட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கும். அதைக் கற்றுக்கொள்ளாமல் வாருங்கள். வரம்புக்கு வெளியே முடிவு வந்தால் எப்படி விசாரிக்கிறார்கள் என்று அருகில் நின்று பாருங்கள். மறுபடி ஓட்டி நல்லதை எடுத்துக்கொள்வது விசாரணை இல்லை. ஏன் தவறியது என்று காரணம் கண்டு எழுதுவதே விசாரணை. பதிவேட்டில் தவறாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும். ஒயிட்னர் வேண்டாம், கிழிக்க வேண்டாம், துண்டுத் தாளில் குறித்து மாலையில் நோட்டில் ஏற்ற வேண்டாம். சோதனை ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையையும், அதன்படி ஆய்வகங்களுக்குத் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் எதைக் கேட்கிறது என்பதையும் ஓரளவு தெரிந்துகொண்டால் நேர்காணலில் கை கொடுக்கும்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்காதீர்கள். மருந்து ஆலையில் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று முன்பே தெரியும், எவ்வளவு என்பதே கேள்வி. தடய ஆய்வகத்தில் என்ன என்பதே தெரியாது. ஆகவே இரவுகளில் நிறமாலை வாசிக்கப் பழகுங்கள். ஒரு மூலக்கூறு எங்கே உடையும், ஏன் அந்தத் துண்டு பெரிதாக வருகிறது என்று நூலகத்தைப் பார்க்காமல் எழுதிப் பார்த்துப் பிறகு சரிபாருங்கள். தினம் இரண்டு போதும்.

கல்லூரிச் சோதனைச்சாலையில் உங்கள் துறைத் தலைவர் அனுமதி கொடுத்தால் செய்து பார்க்க ஒரு சிறு பயிற்சி. லஞ்ச ஒழிப்புத் துறை ரூபாய் நோட்டில் பினாப்தலீன் தடவிக் கொடுப்பதும், வாங்கியவரின் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவ அது இளஞ்சிவப்பாவதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தக் கரைசல் பாட்டில்தான் ஆய்வகத்துக்கு வரும். 100 மி.லி. தண்ணீரில் ஒரு கிராம் சோடியம் கார்பனேட் கரைத்து, ஐந்து பாட்டில் தயார் செய்யுங்கள். நான்கில் துளி பினாப்தலீன்; ஐந்தாவதில் வேண்டாம், அதுதான் உங்கள் பிளாங்க். ஒன்றை முழுக்க நிரப்பி மூடுங்கள், ஒன்றைப் பாதி நிரப்புங்கள், ஒன்றை வெயிலில், ஒன்றை அலமாரி இருட்டில் வையுங்கள். வாரம் ஒருமுறை நிறத்தைக் குறியுங்கள். நிறம் போன பாட்டிலில் புதிதாகக் கொஞ்சம் கார்பனேட் சேர்த்துப் பாருங்கள், திரும்புகிறதா என்று. திரும்பாவிட்டால் நீர்த்த அமிலம் சேர்த்து ஈதரில் பிரித்து, ஆவியாக்கி, எச்சத்தை டி.எல்.சி.யில் ஓட்டுங்கள். ஈதர் வேலையின்போது பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது, பிரிபுனலைக் குலுக்கும்போது அடிக்கடி காற்றைத் திறந்துவிட வேண்டும். நிறம் போனால் பொருளும் போய்விட்டதா என்ற கேள்விக்கு உங்கள் கையாலேயே பதில் கிடைக்கும். வழக்கறிஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி அது.

இனி தேர்வுகள். தமிழ்நாட்டில் வாசல் டி.என்.பி.எஸ்.சி. பதவியின் பெயர் இளநிலை அறிவியல் அலுவலர். ஆண்டுதோறும் வராது, வந்தாலும் இடங்கள் குறைவு. அதனால் டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் ஒருமுறைப் பதிவை இப்போதே செய்து வையுங்கள். தகுதி வரியை எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள். உங்கள் சான்றிதழில் ‘வேதியியல்’ என்று மட்டும் இருந்தால் சிக்கல் இல்லை. ‘பயன்பாட்டு வேதியியல்’ போல வேறு பெயர் இருந்தால் இரண்டு பட்டமும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று அறிவிக்கை வருவதற்கு முன்பே பாருங்கள். விண்ணப்பித்த பின் தேடுகிறவர்கள் அங்கேதான் கழிகிறார்கள். தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் வேதியியல் தாளைத் திருத்தவே மாட்டார்கள், அதை அலட்சியம் செய்ய வேண்டாம். பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்தவர் என்றால் 20 சதவீத ஒதுக்கீட்டுக்கான சான்றிதழ்களை ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் இப்போதே வாங்குங்கள்.

வேலை கிடைத்தால் விழுப்புரம் வட்டார ஆய்வகமோ, சென்னைத் தலைமையகமோ, வேறு வட்டாரமோ இருக்கலாம். சென்னையில் இருப்பது 1849இல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகமாகத் தொடங்கியதன் வாரிசு. புதுச்சேரிக்குத் தனி ஆய்வகம் உண்டு. எல்லையில் இருக்கும் முள்ளோடைச் சாவடிக்கு வடக்கே பிடித்த பாட்டில் அங்கே போகும், தெற்கே பிடித்தது தமிழ்நாட்டு ஆய்வகத்துக்கு. ஆனால் புதுச்சேரியில் இடங்கள் மிகக் குறைவு, அரசிதழ் பெறாத பதவிகளுக்கு உள்ளூர்க் குடியிருப்பும் கேட்கப்படுவது வழக்கம். நெல்லிக்குப்பத்துக்காரரான நீங்கள் அதை முதல் நம்பிக்கையாக வைக்க வேண்டாம்.

மத்திய அரசில் ஹைதராபாத், சண்டிகர், கொல்கத்தா, போபால், புனே, குவாஹாட்டி ஆகிய இடங்களில் மத்திய தடய அறிவியல் ஆய்வகங்கள் உள்ளன. அதிகாரி பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி. வழியாக ஆள் எடுப்பார்கள், பகுப்பாய்வில் அனுபவம் கேட்பார்கள். உங்கள் ஆலை வேலைச் சான்றிதழ் அங்கே பயன்படும். ஆகவே சேரும்போதே, எந்தக் கருவியில் எவ்வளவு காலம் என்று சான்றிதழில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். பலர் கண்ணில் படாத இன்னொரு வாசல், சுங்கத் துறையின் மத்திய வருவாய் ஆய்வகங்கள். அங்கேயும் போதைப்பொருள் சோதனை உண்டு, சென்னையிலும் ஒரு கிளை இருக்கிறது. தடய அறிவியல் பாடத்தில் யு.ஜி.சி. நெட் தேர்வும், ஃபேக்ட் என்ற தகுதித் தேர்வும் இருக்கின்றன. எழுதலாம். ஃபேக்ட் சான்றிதழ் வேலை உத்தரவு இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

தேவை வளர்கிறதா என்றால், வளர்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆவது பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்து ஆண்டு வரை அவகாசம். ஆள் இல்லாமல் இது நடக்காது. அதற்காக அடுத்த மாதமே அறிவிக்கை வரும் என்று வேலையை விட்டுவிட்டுப் படிக்க உட்கார வேண்டாம்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன், அது நியாயமான பயம். நாளின் பெரும்பகுதி ஆய்வகத்துக்குள்தான், ‘போலீஸோடு அலைவது’ குறைவு. நாற்றம் உண்டு. அழுகிய உள்ளுறுப்புப் பாட்டிலைத் திறக்கும்போது முதல் சில வாரம் சாப்பாடு இறங்காது, பிறகு பழகும். புகைப்போக்கி மேடை, இரட்டைக் கையுறை, கண்ணாடி ஆகியவை இல்லாமல் திறக்க மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முன்பு போட்டிருக்காவிட்டால் இப்போதே தொடங்கிவிடுங்கள். மூன்று தவணை முடிய ஆறு மாதமாகும்.

நீதிமன்றம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கையை அவரை நேரில் அழைக்காமலே ஆதாரமாகப் பயன்படுத்த அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் நீதிமன்றம் விரும்பினால் அழைக்கலாம், அழைத்தால் போக வேண்டும். அங்கே கேட்பது பெரும்பாலும் வேதியியல் இல்லை. பொட்டலம் என்று வந்தது, எத்தனை சீல், மாதிரி முத்திரையோடு ஒத்துப்போனதா, ஆய்வு தொடங்கும்வரை சாவி யாரிடம், எவ்வளவு எடுத்தீர்கள், மிச்சம் எங்கே? வழக்கு நடப்பது சில வருடங்கள் கழித்து. நினைவை நம்பிப் போகிறவர் திணறுவார், அன்று எழுதிய நோட்டை வாசித்துச் சொல்பவருக்குத் திணறல் இல்லை. ‘என் ஆய்வில் அது பார்க்கப்படவில்லை’ என்பது முழுமையான, கௌரவமான பதில். அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்கக் கூடாது. இரு தரப்பும் வெளியே வந்து பேச முயன்றால், வணக்கம் சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

அம்மாவுக்கு வார்த்தையால் புரியவைப்பதைவிடக் கூட்டிப்போய்க் காட்டுவது மேல். குற்ற வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும், யாரும் பின்வரிசையில் உட்காரலாம். கடலூர் மாவட்ட நீதிமன்றத்தில் போதைப்பொருள் வழக்கோ கொலை வழக்கோ சாட்சி விசாரணைக்கு இருக்கும் நாளை, தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு இருவரும் போங்கள். செல்பேசியை அணைத்துவிடுங்கள். நிபுணர் சாட்சி வந்தால் அவரிடம் கேட்கும் கேள்விகளை ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், இதற்குப் பதில் எந்தப் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள்.